வெளிச்சவீட்டில் ஒரு நூதனசாலை

பத்திரிகைத் தொழிலில் மூன்று தசாப்தங்களுக்கு மேல் கழித்த எனக்கு, எழுதிய செய்திகளைவிட எழுதாமல் விட்டவையே இப்போது அதிகம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்று, 2005 ஜனவரியில் அறுகம்குடாவில் கண்ட ஒரு பலகை.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோள் அக்கரையைத் துடைத்தெறிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இடிந்த வீடொன்றின் முன்னால், முறிந்த அலைச்சறுக்குப் பலகையொன்றை இரு கற்களின்மேல் வைத்து வாங்காக்கியிருந்தார் ஓர் இளைஞர். என்னையும் அதிலேயே அமரச் சொன்னார். வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற அப்பலகையில்தான் தம் தம்பி அலையேறப் பழகினான் என்றார். தம்பியைக் கடல் கொண்டுபோயிருந்தது. கொழும்பில் ஆசிரியபீடம் எதிர்பார்த்ததோ எண்ணிக்கைகளை. இறந்தோர், காணாமற்போனோர், இடம்பெயர்ந்தோர் எனக் கணக்கெழுதி அனுப்பினேன். பலகைக்கு அதில் இடமிருக்கவில்லை.

பல ஆண்டுகளின் பின், உறவினரைக் காணக் கலிபோர்னியா சென்றிருந்தபோது, சான்டா குரூஸ் நகரின் அலைச்சறுக்கு நூதனசாலையைப் பார்க்கக் கிடைத்தது. கடலோரத்துச் செங்கல் வெளிச்சவீடொன்றினுள் அமைந்த சின்னஞ்சிறு நூதனசாலை அது. 1965இல் அலைச்சறுக்கின்போது கடலில் மூழ்கி இறந்த மார்க் அபொட் என்னும் 18 வயது இளைஞனின் பெற்றோர், மகனின் ஆயுட்காப்புறுதிப் பணத்தில் 1967இல் அவ்வெளிச்சவீட்டைக் கட்டுவித்தனர். 1986இல் அதனுள் நூதனசாலை திறக்கப்பட்டது. உள்ளூரவர் பாவித்த கனத்த மரப்பலகைகள், பழைய புகைப்படங்கள், சுறா கடித்த பலகையொன்று. மாளிகைப் பொருளென்று அங்கு எதுவுமில்லை. யாரோ எறிந்துவிடாமல் வைத்திருந்தவை, அவ்வளவே.

அவ்வூரின் அலைச்சறுக்கு வரலாறு 1885இல் தொடங்குகிறது. அங்கு வந்த மூன்று ஹவாய் இளவரசர்கள், ரெட்வூட் மரத்தில் பலகைகள் செய்வித்து, சான் லொரென்சோ ஆற்று முகத்துவாரத்தில் அலையேறினர். அவர்களுடையவை எனக் கருதப்படும் இரு பலகைகள் ஹொனலுலுவின் பிஷப் நூதனசாலையில் பேணப்பட்டிருந்தன. அதனால்தான் 130 ஆண்டுகளின் பின், 2015இல், அவை கண்காட்சிக்காகச் சான்டா குரூசுக்குத் திரும்பி வர முடிந்தது.

நாடு திரும்பியதும் அறுகம்குடாவுக்குச் சென்று அவ்விளைஞரைத் தேடிக் கண்டுபிடித்தேன். புதுவீடு கட்டி, பிள்ளைகளோடு இருந்தார். பலகையைப் பற்றிக் கேட்டேன். இடிபாடுகளை அகற்ற வந்தவர்கள் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம்.

சற்று நேரம் பேசாமலிருந்தவர், "அண்டைக்கு நீங்க எடுத்த படம் ஏதும் இருக்கா சேர்?" என்று கேட்டார்.

அன்று என் தோளில் புகைப்படக்கருவி தொங்கியது. அந்தப் பலகையை மட்டும் நான் படமெடுக்கவில்லை.

அறுகம்குடாவுக்கு ஒரு நூதனசாலை என்றாவது அமையலாம். அதற்கான கட்டடத்தைப் பின்னர் தேடிக்கொள்ளலாம். அக்கரையின் பழைய படமொன்றோ, வலைத்துண்டொன்றோ, முறிந்த பலகையொன்றோ உங்கள் வீட்டில் கிடந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.