நிழலும் உரிமையும்

கூடுமா, கூடாதா என்னும் வினாவோடு நம்மைத் தேடி வருவோர் பலர். வணிகம், வட்டி, திருமணம், வாரிசுரிமை என அவ்வினாக்கள் பெரும்பாலும் மனிதரைப் பற்றியனவாகவே இருக்கும். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஈராண்டுகளுக்கு முன் கொண்டுவந்த வினாவோ வாத்துகளைப் பற்றியது. "ஹஜ்ரத், பறவைகளைக் காமிராவில் படம் பிடிப்பது மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டுவிட்டு, கூந்தன்குளத்தில் தாம் எடுத்த படங்களை நம்முன் பரப்பினார்.

உயிருள்ளவற்றின் உருவத்தைச் சமைப்பது பற்றி ஹதீஸ்களில் வந்துள்ள கண்டிப்பை நாம் அறிவோம். காமிராப் படமும் அதில் அடங்குமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக விளங்கிய அல்லாமா முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள் இதற்கெனத் தனி நூலே இயற்றினார்கள். காமிரா புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதில்லை. இறைவன் படைத்த உருவின் நிழலைத் தடுத்து நிறுத்துகிறது என்பது அவர்கள் முடிவு. ‘ஹப்ஸுள் ளில்’, அதாவது நிழலைச் சிறைப்படுத்தல், என்றே அதனைக் குறித்தார்கள். தமிழரும் அதற்கு நிழற்படம் என்று பெயரிட்டது எண்ணி மகிழத்தக்க பொருத்தம். அக்கருத்தின்வழி நின்று, "கூடும்" என்றோம்.

ஆயினும், படங்களுள் ஒன்று நம் கண்ணை நிறுத்தியது. குளத்து நீர் வெறுமையாகக் கிடக்க, வரித்தலை வாத்துக் கூட்டம் முழுவதும் வானில் எழும் காட்சி அது. நடுப்பகல் வெயில் தெளிவாகத் தெரிந்தது. "தம்பி, இந்நேரத்தில் இவை ஏன் எழுந்தன?" என்று வினவினோம். உடன் வந்த நண்பர் கல்லெறிந்து எழுப்பியதாகத் தலை கவிழ்ந்து சொன்னார். போட்டி ஒன்றுக்கு அனுப்ப அவர் தேர்ந்திருந்ததும் அப்படமே.

அப்பறவைகள் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வெண்தலையில் இரு கரும்பட்டைகள் உடைய வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத்து, லடாக்கு ஆகிய மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்து, குளிர் முற்றுமுன் இமயத்தைக் கடந்து தெற்கே வருகின்றன. கருவி பொருத்தி ஆராய்ந்தோர், அவை 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்ததைப் பதிவு செய்துள்ளனர். குமரித்துறைக்கும் வடமலைக்கும் இடையே செல்லும் அன்னச்சேவலை விளித்துப் பிசிராந்தையார் பாடியது புறநானூற்றின் 67ஆம் பாடல். திருநெல்வேலிக்குத் தெற்கே, நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம் அக்குமரிக்கு அண்மையதே. 1994இல் அது சரணாலயமாக்கப்படுவதற்கு முன்பே அவ்வூரார் பறவைகளைத் தம் விருந்தினராகப் பேணி வந்தனர்.

இவ்வாத்துகள் பெரும்பாலும் இரவில் வயல்களிலும் புல்வெளிகளிலும் மேய்ந்து, பகலில் நீரிலும் கரையிலும் இளைப்பாறுபவை. வடக்கே திரும்பும் பயணத்திற்கான கொழுப்பை இங்கேதான் சேமிக்கின்றன. நடுப்பகலில் எறியப்படும் கல் அவற்றின் உறக்கத்தைக் கலைப்பதோடு நில்லாது, வழியுணவையும் குறைக்கிறது. அது அவற்றின் ஹக்கு.

பயணம் ஒன்றில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகள் இரண்டை எடுத்துக்கொள்ள, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள். இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற வரலாற்றைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்முடையவை. நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மாணவரிடம் நாம் கூறியது இவ்வளவே: "நிழலை எடுப்பதற்கு இடமுண்டு. அந்நிழலுக்காக உயிரை வருத்துவதற்கு இடமில்லை."

அவர் அப்படத்தைப் போட்டிக்கு அனுப்பவில்லை. அடுத்த தை மாதத்தில் நம்மையும் உடன் அழைத்துச் சென்றார். விடியுமுன் கிழக்குக் கரையில் அமர்ந்தோம். காலைக் கதிரும் வாடைக்காற்றும் முதுகுப்புறமாகவே வரும் இடம் அது. வாத்துகள் காற்றை எதிர்த்தே இறங்கும் ஆதலால், அவ்விடத்தில் இருப்பவருக்கு அவற்றின் முகம் தெரியும். மங்கிய நிற ஆடையோடு அசையாதிருக்க வேண்டும். மேய்வதை விட்டு அவை கழுத்தை நிமிர்த்தினால், நாம் நெருங்கிவிட்டோம் என்பது பொருள்; அங்கேயே நின்று பின்வாங்க வேண்டும். இவற்றையெல்லாம் அவரே நமக்குக் கற்பித்தார். ஊசிவால் வாத்துகளும் தட்டைவாயன்களும் தலையைச் சிறகுள் புதைத்து மிதந்துகொண்டிருந்தன. வெளிச்சம் பரவியபோது, இரவு மேய்ச்சல் முடித்த வரித்தலை வாத்துகள் வரிசை வரிசையாக வந்து இறங்கின. கல்லெறிந்து பெற்ற காட்சியினும் சிறந்த காட்சியை யாரும் எழுப்பாமலே அவை தந்தன. ஸப்ரு என்னும் சொல்லை ஆண்டுக்கணக்கில் ஓதிக்கொடுத்த நாம், அக்கரையில் அதன் பொருளை மாணவரிடம் பாடங்கேட்டோம்.

இன்று கைப்பேசியுள்ள ஒவ்வொருவர் கையிலும் காமிரா உண்டு. விடுமுறையில் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், படம் பிடிக்கக் கற்றுக்கொடுக்குமுன், கைதட்டாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பார்களாக. மார்ச்சுத் திங்களில் அவ்விருந்தினர் வடக்கே புறப்படும்போது, நம்மிடம் இழந்தது ஏதுமின்றிப் புறப்படட்டும்.