கண்டிக்கு வந்த மருமகள்

பெண்ணுக்குப் பிறந்தகம் ஒன்று, புகுந்தகம் ஒன்று என்பது உலக வழக்கு. ஆனால், தன் பாட்டியின் பிறந்தகமே தனக்குப் புகுந்தகமாக அமையும் பேறு எத்தனை பேருக்குக் கிட்டும்? எனக்குக் கிட்டியிருக்கிறது. நீலகிரியிலே கோத்தகிரிக்கு அருகே பிறந்து வளர்ந்த நான், கண்டி மாநகரின் கட்டுக்கலைப் பகுதியில் வாழும் ஒரு குடும்பத்திற்கு மருமகளாக வந்து எட்டு மாதங்களே ஆகின்றன. இச்சிறிய காலத்தில் இந்நகரம் எனக்குக் கற்பித்தவற்றை வாசகர்களோடு, சிறப்பாக என் வயதொத்த சகோதரிகளோடு, பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

என் தந்தையைப் பெற்ற பாட்டி, ஹந்தானை மலைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை மாணவர்கள் பாடநூலில் படித்திருப்பார்கள். நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த தோட்டத் தமிழ் மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று இரு நாடுகளும் உடன்பட்டன. மீதமிருந்த 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ள 1974-இல் மற்றோர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஏட்டிலே எண்களாக இருந்தவர்கள், வீட்டிலே அண்ணனும் தங்கையுமாக இருந்தார்கள். பாட்டியின் அண்ணன் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். பாட்டி வாழ்க்கைப்பட்ட வீட்டாரோ இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மனைவி கணவனோடுதானே போக வேண்டும்?

1973-இல், மணமாகி நான்கே மாதங்களான நிலையில், பாட்டி கண்டி நிலையத்திலே இரயில் ஏறினார். அங்கிருந்து தலைமன்னார், தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே மலையக மக்கள் பெயரிட்டிருந்தார்கள். வண்டி நகர்ந்தபோது, மூன்று வயது மகனைத் தோளில் சுமந்தவாறே அண்ணன் கூடவே ஓடி வந்தாராம். "மேடை முடிகிற இடம் மட்டும் ஓடி வந்தார். அதற்கப்பால் கல்லும் புல்லுந்தான்; நின்றுவிட்டார்" என்று பாட்டி சொல்லும்போது, ஒவ்வொரு முறையும் அவர் குரல் அந்த இடத்திலேயே நிற்கும். உடன்பிறந்தவர்கள் பின்னர் சந்திக்கவேயில்லை. 1984-இல் யுத்தத்தினால் கப்பற் போக்குவரத்தும் நின்றது. 2001-இல் அண்ணன் காலமான செய்தி கடிதத்தில் வந்தது. அன்று தோளில் இருந்த அந்தக் குழந்தைதான் இன்று என் மாமனார்.

உறவினர் திருமணமொன்றுக்காகக் கோத்தகிரிக்கு வந்த மாமா, பாட்டியின் கால்களில் விழுந்து வணங்கி, "அத்தை, விட்டுப்போன முறையை மீண்டும் தொடங்குவோமா?" என்று கேட்டார். அவ்வாறு நிச்சயமானது எங்கள் விவாகம்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு நாங்கள் வந்தது இரயிலில். றம்புக்கணைக்கு மேலே வண்டி மூச்சு வாங்கியபடி மலையேறுகிறது. கீழே பள்ளத்தாக்கில் வயல்களும் தென்னைகளும் சிறுத்துக்கொண்டே போகின்றன. கடுகண்ணாவையைத் தாண்டியதும் காற்றே வேறு. இந்த இருப்புப்பாதை கண்டியை எட்டியது 1867-இல். கோப்பியை ஏற்றிச் செல்வதற்காகவே பெரும்பாலும் அமைக்கப்பட்ட பாதை இது. அதே ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர், லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கவே, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. எங்கள் முன்னோரின் தலைவிதியும் அந்தச் செடியோடு பிணைந்தது.

கண்டியின் கண்ணாடி அதன் வாவி. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயல்வெளியை மறித்து இதனை அமைத்தான். கரையோரத்தில் அலை வடிவாக வளைந்து செல்லும் வெண்சுவரை 'மேகச் சுவர்' என்கிறார்கள். அது முற்றுப் பெறுமுன்னரே, 1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

இந்த வாவிக்கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழும். கண்டி மன்னர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களிலிருந்தே தேவியரை அழைத்து வந்தனர். 1739-இல் நரேந்திரசிங்க மன்னன் வாரிசின்றி மாண்டபோது, தேவியின் சகோதரன் அரியணை ஏறினான். அவ்வாறே நாயக்கர் வமிசம் இங்கே நிலைபெற்றது. கடல் கடந்து வந்த அந்த மணப்பெண்களும், மலையும் மழையுமான இந்நகரிலே தாய்வீட்டை நினைத்து ஏங்கியிருப்பார்கள் அல்லவா? கடைசி மன்னனோ, இங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கு நாடு கடத்தப்பட்டு 1832-இல் அங்கேயே உயிர் நீத்தான். அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்குமாக இக்கடல் எத்தனை பேரைத்தான் கொண்டு சேர்த்திருக்கிறது!

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரியில் நான் 1500 மீற்றர் ஓட்டக்காரி. ஓட்டச் சப்பாத்துகளைப் பெட்டியின் அடியிலே, பட்டுச் சேலைகளுக்குக் கீழே மறைத்துக் கொண்டுவந்தேன். புதுமணப்பெண் வீதியில் ஓடினால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம். மூன்றாம் வாரம் என் கணவர், "நன்றாக ஓடுவீர்கள் என்று சொன்னார்களே, ஏன் ஓடுவதில்லை?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அடுப்படியில் இருந்த அத்தை அதைக் கேட்டும் கேளாதவர்போல இருந்தார்.

மறுநாள் வைகறை ஐந்து மணிக்கு வாசற்படியில் என் சப்பாத்துகள் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. அத்தை சால்வையைப் போர்த்துக்கொண்டு நின்றார். "நான் வாவிக்கரையிலே மெல்ல நடக்கிறேன். நீ ஓடு, பிள்ளை. கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

வாவியைச் சுற்றி வர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். தலதா மாளிகையிலிருந்து அதிகாலைப் பூசையின் மேளவொலி நீரின்மேல் மிதந்து வர, மரக்கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்த, நான் ஓடினேன். சுற்றி வந்து மூச்சிரைக்க நின்றபோது, கல்லிருக்கையில் அமர்ந்திருந்த அத்தை ஒரு செய்தி சொன்னார். தோட்டப் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் அவரும் முதலாவதாக ஓடி வந்தவராம்; பரிசு ஒரு சோப்புப் பெட்டி. அடுத்த ஆண்டு வீட்டுக் கஷ்டத்தினால் பள்ளிக்கூடம் நின்றது, ஓட்டமும் நின்றது. "சோப்பு அன்றே கரைந்துபோயிற்று. பெட்டியை மட்டும் நெடுநாள் வைத்திருந்தேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "கல்யாணமான பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு?" என்று கேட்டார். "சீனி வியாதி வராமலிருக்க, நாளை நீயும் வாயேன்" என்றார் அத்தை. அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை.

மாமாவுக்குக் கிரிக்கெட் ஒரு தனி உலகம். மலைச்சரிவை வெட்டிச் சமைத்த அஸ்கிரிய மைதானத்திற்கு என்னை அழைத்துச் சென்று, 2007 டிசெம்பர் 3-ஆம் திகதி தாம் அமர்ந்திருந்த இடத்தைக் காட்டினார். அன்றுதான் கண்டியின் மைந்தர் முத்தையா முரளிதரன், இங்கிலாந்தின் கொலிங்வூட்டை வீழ்த்தி, ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகளைக் கடந்து உலக சாதனை நிலைநாட்டினார். 2010-இல் 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். "அவருடைய பாட்டனாரும் 1920-இல் தேயிலைத் தோட்டத்திற்கு வந்தவர்தான். பின்னர் பெண்மக்களோடு திருச்சிக்குத் திரும்பிவிட்டார். ஆண்மக்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். நம் குடும்பக் கதைதான்!" என்றார் மாமா. முரளிதரன் 2005-இல் மணம் புரிந்ததும் சென்னைப் பெண்ணையே என்று அத்தை நினைவூட்டியபோது, எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹந்தானைக்குச் சென்றோம். 1925-இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலை இப்போது தேயிலை அருங்காட்சியகம். கொழுந்தை உருட்டிய இயந்திரங்களும் டெயிலர் காலத்துப் பொருள்களும் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கின்றன. இயந்திரங்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு உண்டு. கொழுந்து பறித்த கைகளின் பெயர்களைத்தான் காணோம். வெளியே வந்து பாட்டியை வீடியோவில் அழைத்து, கைப்பேசியைச் சரிவை நோக்கித் திருப்பினேன். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "மூடுபனி அப்படியே இருக்கிறது" என்றார்.

திருமணத்திற்குப் பாட்டி வரவில்லை. அந்த நிலையத்தைக் கண்டால் தாங்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அன்று அவர் கையில் கொடுத்த பத்திரம் போவதற்கு மட்டுந்தான்; திரும்பி வருவதற்கல்ல. ஆனால், அந்த மூடுபனியைக் கண்ட மறுவாரமே என் தந்தையிடம், "எனக்கொரு பாஸ்போர்ட் எடுத்துக்கொடு" என்றிருக்கிறார்.

வரும் மாசி மகத்திற்கு, மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் பஞ்சரத பவனியைக் காணப் பாட்டி வருகிறார். கொழும்பிலிருந்து காரில் வரலாம் என்றோம். "கோச்சியில் போனேன், கோச்சியிலேதான் வருவேன்" என்பது அவர் கட்டளை.

அன்று மேடையில் எந்த இடத்தில் நிற்பது என்று வீட்டில் ஒரே சம்பாஷணை. மாமா இதுவரை ஒன்றும் சொல்லாதிருந்துவிட்டு, நேற்றிரவுதான் வாய் திறந்தார்:

"அப்பா ஓடி வந்து நின்றாரே, அந்த மேடை முனையிலேயே நிற்போம். இந்த முறை யாரும் ஓட வேண்டியதில்லை. வண்டி நம்மிடம் வந்து நிற்கும்."