தீவாந்தரத்துக்கு ஒரு விடுமுறை

“அந்தமானுக்குப் போகிறோம்” என்று வீட்டில் உள்ள பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். “ஐயோ, என்ன குற்றம் செய்தீர்கள்?” என்று கேட்டாலும் கேட்பார்கள்! அவர்கள் காதில் அந்தமான் என்றால் தீவாந்தர சிட்சை. போனவர் திரும்பாத ஊர். அந்த ஊருக்குத்தான் இன்று புதுமணத் தம்பதிகள் போகிறார்கள். நீங்களும் குழந்தை குட்டிகளோடு போய் வரலாம். பணக்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கொஞ்சம் திட்டமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நடுத்தரக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும் பிரயாணம் இது.

முதலில் காலத்தைப் பார்ப்போம். நமக்கு ஒரு மழைக்காலம் என்றால் அந்தமானுக்கு இரண்டு. தென்மேற்கும் அங்கே கொட்டும், வடகிழக்கும் விடாது. நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் வானம் வெளுத்து, கடல் அடங்கியிருக்கும். மே மாதம் பாதியிலேயே மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே கோடை விடுமுறையை நம்பாதீர்கள். அரையாண்டுப் பரீட்சை விடுமுறையோ, முழுப் பரீட்சை சீக்கிரம் முடிந்தால் ஏப்ரல் மாதமோதான் தோது.

இரண்டாவது, போகும் வழி. சென்னையிலிருந்து விமானத்தில் ஏறினால் இரண்டரை மணிக்குள் இறங்கிவிடலாம். கப்பலில் சுமார் மூன்று நாள். கப்பலில் கீழ்த்தட்டில் வரிசையாகப் படுக்கைகள் போட்ட ‘பங்க்’ வகுப்புத்தான் எல்லாவற்றிலும் மலிவு. அதற்கு மேல் அறை வகுப்புகள். பெண்களும் குழந்தைகளும் இருந்தால் சற்றுக் கூடக் கொடுத்தாவது அறை எடுத்துக்கொள்வது உத்தமம். கப்பலில் சாப்பாடு கிடைக்கும். ஆனாலும் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, உப்பு நார்த்தங்காய் மூன்றும் பையில் இருக்கட்டும். வயிற்றைப் புரட்டும்போது நார்த்தங்காயின் அருமை தெரியும்!

போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கப்பல் மாதத்துக்குச் சில நடைதான். புறப்படும் தேதியும் முன்பின் ஆகும். ஆகையால் கப்பல் தேதியைக் கேட்டுக்கொண்டு பிறகு லீவுக்கு எழுதுங்கள். விமான டிக்கெட்டை எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறீர்களோ அவ்வளவு மலிவு. ஆனால் கப்பல் சேரும் நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடையே தாராளமாக இடம் விடுங்கள். இரு வழியும் கப்பல் என்றால் பணம் மிச்சம்தான். பள்ளிக்கூடம் திறந்து நாலு நாள் கழித்து வந்து சேர்ந்தால் வாத்தியாருக்கு யார் பதில் சொல்வது?

கப்பல் பிரயாணத்தில் இன்னொரு லாபமும் உண்டு. கரை மறைந்ததும் வீட்டுக்காரரின் செல்போன் மௌனமாகிவிடும். மூன்று நாள் அவர் உங்களோடு பேசியே ஆகவேண்டும்!

இறங்கும் ஊருக்குப் போர்ட் பிளேர் என்று பெயர். 2024-இல் அதை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். பாஷையைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே தமிழர்கள் ஏராளம். அபர்தீன் பஜாரில் தமிழில் பேரம் பேசலாம். வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனையும் செய்துவிட்டு வரலாம். பஜாரைச் சுற்றியுள்ள சாதாரண விடுதிகளில் தங்கி, அரசாங்க பஸ்ஸிலும் படகிலும் போய்வந்தால் செலவு பாதியாகும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கிழக்கே வெகுதூரம் வந்துவிட்டீர்கள், ஆனால் கடிகாரம் நம் கடிகாரம்தான். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். காலை ஆறு மணிக்குக் குழந்தைகளைத் தயார் செய்யாவிட்டால் பாதி நாள் போயிற்று.

முதல் நாளைச் சிறைச்சாலைக்குக் கொடுங்கள். 1857 புரட்சிக்குப் பிறகு, 1858 மார்ச்சில் இருநூறு கைதிகளுடன் ஆங்கிலேயர் இங்கே குடியேற்றம் தொடங்கினார்கள். 1896-இல் ஆரம்பித்து 1906-இல் கட்டி முடித்ததுதான் செல்லுலார் சிறை. செங்கல் பர்மாவிலிருந்து வந்தது, கட்டியவர்கள் கைதிகள். நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போல ஏழு பகுதிகள். எல்லாம் தனித்தனி அறைகள். ஓர் அறையின் வாசல் அடுத்த பகுதியின் முதுகைத்தான் பார்க்கும். மனிதன் மனிதன் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று யோசித்துக் கட்டிய கட்டடம்! செக்கில் மாட்டுக்குப் பதில் மனிதனைப் பூட்டி, நாளுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டச் சொன்னார்கள். 1933-இல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தபோது பலவந்தமாகப் பால் புகட்டியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா என்னும் மூவர் உயிர் நீத்தார்கள். பால் என்றால் நமக்குத் தாய் நினைவு வரும்; அதைக் கொண்டு உயிரைப் பறித்த இடம் இது. ஏழு பகுதிகளில் இன்று மூன்றுதான் மிச்சம். 1979-இல் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக்கினார்கள். இரவு ஒலி-ஒளிக் காட்சி உண்டு. பகலில் ஓர் அறைக்குள் குழந்தையோடு நின்று, கைக்கெட்டாத உயரத்தில் உள்ள சிறு சாளரத்தைக் காட்டுங்கள். சரித்திரப் பாடம் அதற்கப்புறம் மறக்காது.

இரண்டாம் நாள், எதிரே தெரியும் ராஸ் தீவு. 2018-இல் இதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் சூட்டினார்கள். தீவுகளை ஆண்ட துரைமார் இங்கேதான் மாளிகையும் மாதாகோயிலும் ரொட்டிக் கிடங்கும் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள், துரைத்தனம் கலைந்தது. இப்போது ஆலம் வேர்கள் சுவர்களை இறுக அணைத்துக்கொண்டு நிற்கின்றன. புள்ளிமான்கள் பயமில்லாமல் பக்கத்தில் வரும். திரும்பும் வழியில் சாத்தம் மர ஆலையையும் பாருங்கள். 1883 முதல் நடப்பது. அந்தமான் படாக் மரத்தின் சிவப்பைக் கண்டால் வீட்டுக்கு ஒரு மேஜை செய்துகொள்ளத் தோன்றும். ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்!

மூன்றாம் நாள் வண்டூர் கடல் தேசியப் பூங்கா. 1983-இல் ஏற்பட்டது. அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்தால் பவழப் பாறையும் வண்ண மீன்களும் காலுக்குக் கீழே நழுவிப் போகும். பிளாஸ்டிக் பைக்கு அங்கே அனுமதி கிடையாது. நாலு, ஐந்தாம் நாட்கள் ஹாவ்லக் என்று சொல்லிவந்த ஸ்வராஜ் தீவுக்கு. அரசாங்கப் படகில் இரண்டரை மணி. தனியார் படகுக்குக் கட்டணம் அதிகம். ஆறாம் நாள் சிடியா டாப்பு. பறவைகளும் அஸ்தமனமும் செலவில்லாத காட்சிகள்.

புலியும் சிறுத்தையும் இந்தக் காடுகளில் இல்லை. ஆனால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவைகள் உண்டு. நார்கொண்டம் என்ற சின்னஞ்சிறு தீவில் மட்டுமே வாழும் இருவாட்சிப் பறவை ஒன்று இருக்கிறது. அந்தத் தீவைத் தவிர அதற்கு வீடே இல்லை. டிசம்பரிலிருந்து இரண்டு மூன்று மாதம், வடக்கே திக்லிபூர்ப் பக்கம் கடலாமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். உவர்நீர் முதலை உள்ள கழிமுகங்களும் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் குழந்தையை நீரில் இறக்காதீர்கள். கரையில் கிடக்கும் சங்கும் பவழத் துண்டும் பையில் ஏறவேண்டாம். அது சட்ட விரோதம். புறப்படும் இடத்தில் சோதனையும் உண்டு.

இனி நான் சொல்லப்போவது, போகவேண்டாம் என்ற இடத்தைப் பற்றி. பாராடாங் குகைகளைப் பார்க்க அழைத்துப் போகிறோம் என்று பல ஏஜெண்டுகள் சொல்வார்கள். சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போகிறது. மொத்தமே சில நூறு பேர். நம்மோடு அவர்கள் பழக ஆரம்பித்தது 1990-களின் கடைசியில்தான். உடனே 1999-இல் தட்டம்மை பரவியது. நமக்கு ஒரு வாரத்துக் காய்ச்சல். அவர்களுக்கு வம்சத்தின் கேள்வி. அவர்களைப் படம் எடுப்பதும், தின்பண்டம் எறிவதும் குற்றம். 2012-இல் அவர்கள் பெண்களைச் சுற்றுலாக்காரர்களுக்காக ஆடச் சொன்ன படம் வெளியாகி நாடே தலைகுனிந்தது.

இதை ஏதோ பயமுறுத்தலாக நினைக்கவேண்டாம். கிரேட் அந்தமானியர் என்ற மக்கள் 1858-இல் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இன்று சில பத்துப் பேர். அவர்களில் ‘போ’ என்ற மொழி பேசிய கடைசி மூதாட்டி போவா, 2010 ஜனவரியில் காலமானார். அவருக்குப் பின் அந்த மொழியில் தாலாட்டவும் ஆள் இல்லை. திட்டவும் ஆள் இல்லை. சிறைச்சாலையில் கண்ணீர் விட்டுவிட்டு, மறுநாள் காரில் ஏறி மனிதர்களை வேடிக்கை பார்க்கப் போனால் அந்தக் கண்ணீருக்கு என்ன அர்த்தம்? குகை வேறு எங்கும் கிடைக்கும். அந்த ஒரு நாளையும், அதற்கான பணத்தையும் மிச்சப்படுத்தி ஸ்வராஜ் தீவில் இன்னொரு ராத்திரி தங்குங்கள்.

நிக்கோபார் தீவுகளும் சாதாரணப் பிரயாணிகளுக்குத் திறந்தவை அல்ல. அதில் வருத்தம் வேண்டாம். அந்தத் தீவுகளை ‘மாநக்கவாரம்’ என்று தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜேந்திர சோழன் கல்வெட்டு குறிப்பிடுகிறது. தஞ்சாவூர் போகும்போது அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்!

ஆகப் பத்து நாள் பிரயாணம்: கப்பலில் மூன்று, தீவில் ஆறு, கையிருப்பாக ஒன்று. இன்றிலிருந்தே மளிகைக் கணக்கில் மிச்சம் பிடித்து ஓர் உண்டியலில் போட்டு வாருங்கள். அடுத்த டிசம்பரில் சௌகரியமாகப் போய்வாருங்கள். அடையாள அட்டையையும் நார்த்தங்காயையும் மறக்காதீர்கள்.