மேசை துடைத்த கை

சென்ற கோடை விடுமுறையில் கறம்பக்குடியிலிருந்து சென்னைக்குச் சென்றிருந்தோம். நாங்கள் இருவரும் பள்ளி ஆசிரியர்கள். முப்பதை இன்னும் எட்டாதவர்கள். ஐந்து வயது மகளும் இரண்டு வயது மகனும் உடன் வந்தனர். பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும், எழும்பூர் அருங்காட்சியகத்தைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. இரவெல்லாம் பேருந்தில் கண்விழித்து, விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, திருவல்லிக்கேணியில் அறை எடுத்துத் தங்கினோம். நான்கு நாட்கள் தங்கினோம். நான்கு நாட்களும் மூன்று வேளையும் உணவு ஓட்டலில்தான்.

ஊரில் நாங்கள் ஓட்டலுக்குப் போவது அரிது. போனாலும் கல்லாவில் இருப்பவர் நம் மாணவன் ஒருவனின் தந்தையாக இருப்பார். “பிள்ளைக்குக் காரமில்லாமல் கொடு” என்று அவரே உள்ளே குரல் கொடுப்பார். நகரத்திலே நாங்கள் யாரோ, அவர்கள் யாரோ! மகள் இட்லிக்குச் சர்க்கரை கேட்பாள். மகன் தண்ணீர்க் குவளையைக் கவிழ்ப்பான். அடுத்த மேசைக்காரர் முகம் சுளிப்பார். நாற்காலிக்குக் காத்து நிற்பவரின் மூச்சு நம் பிடரியில் படும். ஒருவர் அள்ளி விழுங்க, மற்றவர் அழும் பிள்ளையைத் தோளிலிட்டு வாயிலில் உலாவ வேண்டும்.

இரண்டு நாளில் பாடம் கற்றோம். பன்னிரண்டு மணிக்கு முன்பே பகலுணவுக்குப் போய்விட்டோம், கூட்டம் இல்லை. சுவரோர மேசையாகத் தேடினோம், பிள்ளை ஓடவில்லை. முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்கள் பசியாறிய பிறகே எங்களுக்குச் சொன்னோம், அழுகை இல்லை. வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சிக்கு வேறொரு காரணமும் உண்டு. நாங்கள் தங்கிய அதே திருவல்லிக்கேணியில்தான், 1957ஆம் ஆண்டில், முரளீஸ் கபே என்னும் ஓட்டலின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்தனர், சிறை சென்றனர். மாதக்கணக்கில் நடந்த அறப்போர் அது. அதற்கும் முன்பு, 1941 வரையில், இரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம். அதற்கும் முன்பு, சேரன்மாதேவி குருகுலத்தில், ஒன்றாகப் படித்த பிள்ளைகளுக்கே தனித்தனிப் பந்தி! அந்த அநீதி 1924, 1925ஆம் ஆண்டுகளில் நாட்டையே உலுக்கிற்று. இன்றோ எங்கள் பிள்ளைகள் விரும்பிய மேசையில் அமர்ந்தார்கள். குலம் கேட்பார் எவருமில்லை. உரிமையோடு உட்கார்ந்து உண்ணும் இந்த நிலை எத்தனை பேர் சிறை சென்று பெற்றுத் தந்தது!

எனினும் முழுதும் பெருமிதம் கொள்ள எங்களால் இயலவில்லை. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து இறையூரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததும், அது வெளிப்பட்டு வழக்குப் பதிவானதும் 2022 டிசம்பரில்தானே! உட்காரும் உரிமைப் போர் இன்னும் முடிந்துவிடவில்லை. ஆனால் அன்றிரவு நாங்கள் கண்டது வேறொன்று.

மூன்றாம் நாள் இரவு. மகன் சாம்பார் சோற்றைத் தட்டோடு தரையில் தள்ளிவிட்டான். வாளியோடும் துணியோடும் ஒரு சிறுவன் ஓடி வந்தான். பன்னிரண்டு வயது இருக்கலாம். பதின்மூன்றுக்கு மேல் இராது. மண்டியிட்டுத் துடைத்தான். நாங்கள் வருத்தம் தெரிவித்தோம். “பரவால்ல சார், சின்னப் புள்ளதானே” என்றான். சின்னப் பிள்ளையைச் சின்னப் பிள்ளை பொறுத்தருளிற்று!

“என்ன படிக்கிறாய் தம்பி?” என்று கேட்டோம்.

“ஏழாவதோட நின்னுட்டேன் சார்.”

“எந்த ஊர்?”

கல்லாப் பக்கம் பார்த்தான். “வேலை கெடக்கு சார்” என்று போய்விட்டான்.

வாய் கழுவி வரும்போது மகள் கேட்டாள்: “அந்த அண்ணனோட டீச்சர், அண்ணனைத் தேட மாட்டாங்களா?”

நாங்கள் என்ன செய்தோம்? இருபது ரூபாயைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தோம். ஓட்டல்களில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். 2016இல் சட்டம் மேலும் இறுகி, எந்தத் தொழிலிலும் கூலிக்கு வைக்கக் கூடாது என்றானதும், மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை உண்டு என்பதும் தெரியும். தெரிந்தவர்கள் பேசவில்லை. மேசையில் பிள்ளைகள் இருக்கிறார்கள், வெளியூரில் வம்பு எதற்கு என்று எண்ணினோம். அறைக்கு வந்த பின்னரே 1098 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொன்னோம். சொல்லிவிட்டோம் என்று உறங்கினோம்.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் நாள், பதினொரு மணி. ஆசிரியர் அறைக்குக் கம்பிக் கூடையில் தேநீர் வந்தது. கொண்டு வந்தவன் ஒரு சிறுவன்.

வெட்கத்தோடு எழுதுகிறோம்: ஓராண்டுக்கும் மேலாக அவன் கையால்தான் தேநீர் பருகி வந்தோம். சென்னையில் கண் திறந்தது. கறம்பக்குடியில் அத்தனை நாளும் மூடியே கிடந்தது. பெயர் கேட்டோம். எங்கள் பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினோம். இருந்தது அந்தப் பெயர், ‘இடைநின்றவர்’ என்ற குறிப்போடு. எங்கள் மகள் கேட்ட டீச்சர் நாங்களேதான்!

அன்று மாலையே வீடு தேடிப் போனோம். தந்தை தென்னந்தோப்பு வேலைக்காரர். 2018 நவம்பரில் கஜா புயல் தோப்புகளைச் சாய்த்தபோது தொடங்கிய கடன், வட்டியோடு வளர்ந்து மகனின் கையைப் பிடித்துக் கொண்டிருந்தது. “படிக்க வச்சா சோறு போடுவீங்க சார், கடன யார் அடைப்பா?” என்று தாய் கேட்டார். விடை சொல்ல முடியவில்லை. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் தொடங்கிய உணவு, 1956இல் காமராசர் பரப்பிய மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என வழிவழியாக வளர்த்து, பசியால் படிப்பை விடும் கொடுமையைப் பெருமளவு தடுத்தது நம் நாடு. கடனால் விடும் கொடுமைக்கு அப்படி ஒரு தட்டு இன்னும் போடப்படவில்லை.

பலமுறை நடந்தோம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. எட்டாம் வகுப்பில் சேர்த்தோம். கடைக்காரர் எங்களோடு பேசுவதில்லை. உடன் பணியாற்றுவோர் சிலர் தேநீருக்குத் தாமே நடக்க நேர்ந்ததில் முணுமுணுக்கிறார்கள். அவன் வருகிறான், சில நாள் வருவதில்லை. வராத நாளில் நாங்கள் அவன் வீட்டுக்குப் போகிறோம்.

அன்பர்களே, பிள்ளைகளோடு ஓட்டலுக்குச் செல்லுங்கள்; அவர்கள் விரும்பியதை வாங்கிக் கொடுங்கள். கட்டணச் சீட்டைச் சரிபார்க்கும் அந்நேரத்தில், மேசையைத் துடைக்கும் கையையும் ஒருமுறை பாருங்கள். அது எழுதுகோல் பிடிக்க வேண்டிய கையாக இருந்தால், இருபது ரூபாயோடு எழுந்துவிடாதீர்கள். நாங்கள் எழுந்து வந்தோம். அந்தச் சென்னைச் சிறுவனின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.