இரண்டு பாங்குகள்

'பாங்கு' என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இரண்டு அர்த்தம். ஒன்று, பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் குரல். மற்றொன்று, நீங்கள் பணம் போட்டு வைத்திருக்கிறீர்களே, அது! முதல் பாங்கினால் எனக்கு அதிகச் சிரமம் இல்லை. இரண்டாவதுதான் இருபது வருஷமாக என்னைப் படுத்துகிறது.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுபுஹு விடியுமுன்; இஷா இரவில். லுஹர் மதியச் சாப்பாட்டு வேளையில் வந்துவிடுகிறது. அஸருக்கு, மற்றவர்கள் காபி குடிக்கும் பத்து நிமிஷம் போதும். மஃரிப்தான் கஷ்டம். கார்த்திகை மாதத்தில் சென்னையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். செவ்வானம் மறைவதற்குள் தொழுதாக வேண்டும். மின்சார ரயிலைப் பிடித்து வீடு சேர்வதற்குள் நேரம் போய்விடும். ஆகையால் காரியாலயத்திலேயே, பழைய பைல்கள் அடுக்கிய அறையில் தொழுதுவிட்டுக் கிளம்புகிறேன். யாரும் ஆட்சேபித்ததில்லை. ரமலானில் மட்டும், "தண்ணீர்கூடவா குடிக்கக் கூடாது, ஸார்?" என்று வருஷந்தோறும் அதே ஆச்சரியத்துடன் கேட்பார்கள்.

இரண்டாவது பாங்குக்கு வருகிறேன். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் எங்கள் மார்க்கத்தில் விலக்கப்பட்டவை. சம்பளமோ பாங்கு வழியாகத்தான் வருகிறது. கேட்காமலே வட்டியும் சேர்கிறது. அதைத் தனியே கணக்கிட்டு எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன். இது தர்மமல்ல, புண்ணியம் எதிர்பார்க்கக் கூடாது. ஜகாத் வேறு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓராண்டு கையில் தங்கிய சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது லட்சத்துக்கு 2,500 ரூபாய். அது கடமை.

இதுவரை சுலபம், நேயர்களே! சொந்த வீடு என்ற பேச்சு எழுந்தால்தான் சங்கடம். பாங்குக் கடன் இல்லாமல் மாதச் சம்பளக்காரன் சென்னையில் வீடு வாங்குவதாவது! வட்டியில்லா முறையும் வேண்டும் என்று 2008-ல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு சிபாரிசு செய்தது. கொஞ்சம் நம்பிக்கையோடு இருந்தேன். 2017-ல் ரிசர்வ் பாங்கு அந்த யோசனையைக் கைவிட்டது.

"கடன் வாங்கி வீடு கட்டினவங்க எல்லாம் தொழாமலா இருக்காங்க?" என்பாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். என்னைவிடப் பக்தியுள்ளவர்களே வாங்கியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? வேறு வழியற்றவனுக்குச் சலுகை உண்டு என்று சொல்லும் ஆலிம்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் வேறு வழியற்றவனா? வாடகை வீடு இருக்கிறதே! அது கிடைப்பதும் லேசல்ல என்பது உண்மை. போர்டு தொங்கும் வீடு, என் பெயரைக் கேட்டதும் காலியில்லாமல் போன அனுபவம் மூன்று முறை உண்டு. நான்காவதாகக் கிடைத்த வீட்டில்தான் இப்போது குடியிருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதைத் தவிர, வீட்டுக்காரர் நல்ல மனிதர்.

போன மாதம் அவர் வாடகையை உயர்த்தினார். அன்றிரவு என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மகளின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செங்கற்பட்டுக்கு அப்பால் அரை கிரவுண்டு நிலம், மேலே இரண்டு அறை, எல்லாம் ரொக்கமாக! பதினொரு வருஷம் என்று கணக்கு வந்தது.

"அப்ப உங்களுக்கு அறுபத்திரண்டு" என்றாள்.

பிறகு கணக்கின் அடியில் கோடு கிழித்து, மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்தாள்.