மூக்கு, தொண்டை, சளி... ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட்

கொரோனாவான்னு தெறிச்சு ஓடிடாதீங்க மக்களே. கபசுரக் குடிநீர், கைதட்டல், விளக்கேத்தல் எதைப் பத்தியும் பேசப் போறதில்லை. மூக்குல ஒரு குச்சியை விட்டு எடுத்துட்டுப் போனாங்களே, அந்தக் குச்சியைப் பத்தி மட்டும்தான். போன வாரம் எங்களுக்கு ஆர்டி-பிசிஆர் ப்ராக்டிகல். அதுலேர்ந்து மண்டைக்குள்ள ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும்னு தோணுது. அதனால ஒரு கொசுவத்தி.

2020 ஜூலை. எங்க வீடு திருநகர்ல, மூணாவது ஸ்டாப்லேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளி. நான் அப்போ பரீட்சையே எழுதாம பாஸான பத்தாங்கிளாஸ் கோஷ்டி (சிரிக்காதீங்க :-)). தமிழ்நாட்டோட முதல் கொரோனா சாவே மார்ச் 25ஆம் தேதி மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியிலதான் நடந்துச்சு. அதனால ஊரே ஏற்கெனவே மிரண்டு போயிருந்துச்சு. ஜூன் 24லேர்ந்து மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு. அந்த நேரம் பார்த்து தாத்தாவுக்குக் காய்ச்சல்.

மாடி ரூம்ல அவரைத் தனியா வச்சோம். சாப்பாடு வாசல்படியில. மூணாவது நாள் டெஸ்ட் எடுத்தாங்க. தாத்தா மூக்குல குச்சி போனதும் தலையை வெடுக்குன்னு திருப்பிட்டார். தொண்டைக்கு வந்தப்போ ஓங்கரிச்சார். எடுத்தவங்களும் பாவம், கவச டிரெஸ்ஸுக்குள்ள வேர்த்து ஊத்த, எடுத்த வரைக்கும் போதும்னு குழாயில போட்டு மூடி ஐஸ் பெட்டியில வச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்து தாத்தா கேட்டதுதான் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

"என்னடா இது, மூக்குல குத்துறாய்ங்க? நெஞ்சுலல்ல வியாதிங்குறாய்ங்க? ஆஸ்டின்பட்டியில எனக்கு டப்பா குடுத்து, காலங்காத்தால நெஞ்சுலேர்ந்து காறித் துப்பச் சொல்லுவாய்ங்க. எச்சி துப்புனா திட்டுவாய்ங்க."

தாத்தா மில் தொழிலாளி. சின்ன வயசுல டிபி வந்து ஆஸ்டின்பட்டி ஆஸ்பத்திரியில வைத்தியம் பார்த்தவர். திருநகர்லேர்ந்து தோப்பூர் பக்கம் போனா வர்ற அதே ஆஸ்பத்திரிதான். கொரோனா காலத்துல அங்கயும் நோயாளிகளைச் சேர்த்தாங்க. அவர் பேசுனதை நாங்க யாரும் காதுல வாங்கலை.

ரெண்டு நாள்ல ரிசல்ட். நெகட்டிவ்! அப்பா அன்னைக்கே தாத்தாவைக் கீழ கூட்டிட்டு வந்துட்டார். அப்பத்தா முன்னாடி மாதிரியே அவருக்குப் பக்கத்துல பாயை விரிச்சுப் படுத்தாங்க, கஞ்சி ஊட்டினாங்க, நெஞ்சுல தைலம் தேச்சாங்க. நாலாம் நாள் தாத்தாவுக்கு மூச்சு வாங்குச்சு. சிடி எடுத்தா ரெண்டு நுரையீரல்லயும் பனி படிஞ்ச கண்ணாடி மாதிரி திட்டுத் திட்டா இருக்கு. ரெண்டாவது ஸ்வாப் பாசிட்டிவ். மறுநாள் அப்பத்தாவுக்குக் காய்ச்சல். அவங்களுக்கு முதல் ஸ்வாப்லயே பாசிட்டிவ் வந்துடுச்சு. தாத்தா பன்னிரண்டு நாள்ல வீடு திரும்பினார். அப்பத்தா திரும்பலை. தத்தனேரிக்கு அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் போனாங்க.

இப்போ லேப்புக்கு வர்றேன்.

கொரோனா வைரஸோட மரபணு ஆர்என்ஏ. அதை முதல்ல டிஎன்ஏவா மாத்தணும், அப்புறம் நகல் எடுக்கணும். சூடாக்கி ஆறவச்சா ஒண்ணு ரெண்டாகும், மறுபடி சூடாக்குனா நாலு. சதுரங்கக் கட்டத்துல நெல்மணி வைக்கிற கதைதான். முப்பது சுற்றுல ஒரு மூலக்கூறு நூறு கோடியைத் தாண்டிடும், நாற்பதுல ஒரு லட்சம் கோடி. (இவ்வளவு சூட்டைத் தாங்குற நொதி, அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுல வாழுற பாக்டீரியாகிட்டேர்ந்து கிடைச்சது. இந்த முறையைக் கண்டுபிடிச்ச கேரி முல்லிஸுக்கு 1993ல நோபல்.) எத்தனையாவது சுற்றுல வெளிச்சம் தெரியுதோ அதுதான் சிடி வேல்யூ. ஸ்கேனுக்கும் சிடின்னுதான் பேரு, குழப்பிக்காதீங்க.

இவ்வளவு கில்லாடியான மெஷின் எப்படி தாத்தாவைக் கோட்டை விட்டுச்சு? விடலை. பூஜ்யத்தை நாற்பது தடவை ரெட்டிப்பாக்குனாலும் பூஜ்யம்தானே. குழாய்க்குள்ள வைரஸ் இல்லைன்னு அது சொன்னது, என் கணக்குல, உண்மையாத்தான் இருக்கணும். 'தாத்தாவுக்குள்ள இல்லை'ன்னு படிச்சுக்கிட்டது நாங்க.

ப்ராக்டிகல்ல இன்னொரு கோடும் ஏறும். ஆர்நேஸ் பி-ன்னு ஒரு மனுஷ ஜீன். குச்சியில மனுஷ செல் வந்திருக்கான்னு பார்க்க அது. அந்தக் கோடு ஏறலைன்னா ரிசல்ட்டே செல்லாது. ஆனா ஏறிட்டா? குச்சி ஒரு மனுஷன் மேல பட்டுச்சுன்னு தெரியும், அவ்வளவுதான். வைரஸ் குடியிருக்கிற இடம் வரைக்கும் போச்சான்னு அதுக்குத் தெரியாது. ஸ்கிரீன்ல அந்தக் கோடு ஏறுறதைப் பார்த்துக்கிட்டே இருந்தப்பத்தான் தாத்தா தலையைத் திருப்புனது ஞாபகம் வந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிச்சேன். எங்க வீட்ல காய்ச்சல் வர்றதுக்கு நாலு மாசம் முன்னாடியே, 2020 மார்ச்ல, 'ஜாமா' மருத்துவ இதழ்ல சீன மருத்துவர்களோட ஒரு சின்னக் கட்டுரை வந்திருக்கு. 205 நோயாளிகள், 1070 மாதிரிகள். நுரையீரலுக்குள்ள திரவம் விட்டு அலசி எடுத்ததுல 15க்கு 14 பாசிட்டிவ். நெஞ்சுச் சளியில 72 சதவீதம். மூக்குல 63. தொண்டைக் குச்சியில எவ்வளவு தெரியுமா? 398க்கு 126. அதாவது 32 சதவீதம்! மலத்துல 29. ரத்தத்துல 307க்கு வெறும் 3. சிறுநீர்ல சுத்தமா இல்லை.

இதை அப்படியே முழுங்கிடக் கூடாது. மூக்கு மாதிரி மொத்தமே எட்டுதான், எட்டை வச்சு சதவீதம் போடுறதெல்லாம் ரொம்ப ஓவர். ஒரே ஆளுக்கு எந்த நாள் எடுத்தாங்கங்கிறதைப் பொறுத்தும் மாறும். வைரஸ் முதல்ல மூக்கு தொண்டையில பெருகும், அப்புறம் சிலருக்குக் கீழ இறங்கும். ரொம்ப சீக்கிரம் எடுத்தாலும் சிக்காது, ரொம்ப லேட்டானா மேல காலியாகி நெஞ்சுல மட்டும் இருக்கும். நெகட்டிவ் வந்தும் அறிகுறி இருந்தா திரும்ப எடுங்கன்னு டாக்டர்கள் சொன்னது இதுக்குத்தான்.

அப்போ எல்லாருக்கும் சளியையே எடுத்திருக்கலாமேன்னு எனக்கும் கோவம் வந்துச்சு. ஆனா கொரோனாவுல பாதிப் பேருக்கு மேல வறட்டு இருமல், சளியே வராது. வரவைக்க இருமச் சொன்னா எதிர்ல நிக்கிறவங்க மேல சாரலா தெறிக்கும். நுரையீரலை அலசுறது படுமோசமா இருக்கிற ஆளுக்குத்தான் முடியும். கடைசியில குச்சிதான் நடைமுறைக்கு ஒத்து வந்தது. தமிழ்நாடு 2020ல ரேபிட் டெஸ்ட்டை நம்பாம ஆர்டி-பிசிஆரையே பிடிச்சுக்கிட்டதும் என்னைக் கேட்டா சரியான முடிவு.

அப்பத்தாவுக்கு அந்த நாலு நாள்லதான் தொத்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. அதுக்கு முன்னாடி மாடிக்குக் கொண்டு போன தட்டைக் கழுவுனதும் அவங்கதான். இதை அப்பாகிட்ட சொல்லணும்னு ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன். தாத்தாவைக் கீழ கூட்டிட்டு வந்த நாளைப் பத்தி அப்பா இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசுனதில்லை. அந்த நெகட்டிவ் ரிப்போர்ட் இன்னும் பீரோவுல, ரேஷன் கார்டு கவருக்குள்ள மடிச்சு இருக்கு.

தாத்தாகிட்ட மட்டும் போன ஞாயித்துக்கிழமை பேசுனேன். 2021 மே மாசம் நாக்பூர்ல நீரி நிறுவனம் உப்புத் தண்ணியைக் கொப்பளிச்சுத் துப்புற முறையைக் கொண்டு வந்துச்சு, ஐசிஎம்ஆர் அனுமதியும் கிடைச்சது, குச்சியே வேணாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"அப்பவே டப்பாவக் குடுங்கடான்னேன்" அப்படின்னார். அப்புறம் அப்பத்தா போட்டோவுக்குப் பூ வாங்கணும்னு எழுந்து போயிட்டார்.