ஹாவொட் காட்டில் ஒரு பகல்

வேல்ஸ் நாட்டின் கடற்கரை ஊராகிய அபெரிஸ்ட்வித்தில் என் மைத்துனர் பணிபுரிகிறார். அவர் அழைப்பின் பேரில் சென்றிருந்தபோது, மலைகளுக்கிடையே அமைந்த ஹாவொட் என்னும் இடத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டியது.

வழியோரம் வெட்டிய மரங்கள் அடுக்கப்பட்டுக் கிடந்தன. இன்றும் மரம் வளர்த்து வெட்டி விற்கும் காடு இது. அதனுள்ளேதான் இருநூறாண்டுப் பழமையான எழிற்சோலை ஒளிந்திருக்கிறது.

1780களில் தாமஸ் ஜோன்ஸ் என்னும் நிலவுடைமையாளர் இங்கே குடியேறினார். மரமற்ற மலைச்சரிவுகளில் அவர் நட்டவை முப்பது இலட்சத்துக்கும் மேல் என்பர். பாத்திகட்டிப் பூச்செடி வளர்ப்பது மட்டும் அவர் நோக்கமன்று. ஆற்றையும் பாறையையும் இயற்கை அமைத்தபடியே விட்டு, அவற்றைக் காணத்தக்க இடங்களை இணைத்துப் பாதைகள் வகுத்தார். அவற்றுள் ஒன்று பாறையைக் குடைந்த இருட்டு வழிக்குள் செல்கிறது. ஈரச்சுவரைத் தடவித் தடவி நடந்தேன். திடீரென்று எதிரே, மேலிருந்து விழும் ஒளியில் அருவி! இரைச்சலில் மைத்துனர் கூறியது எதுவும் செவியில் விழவில்லை.

ஜோன்ஸ் நூற்பிரியர். தம் தோட்டத்திலேயே அச்சகம் நிறுவி, ஃப்ருவாசாரின் பிரெஞ்சு வரலாற்று நூலை மொழிபெயர்த்து அச்சிட்டவர். 1807 மார்ச்சில் மாளிகை தீப்பற்றியது. கிடைத்தற்கரிய கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. ஏடுகளோடு வாழ்பவனாதலால் இதைக் கேட்டு என் மனம் பதைத்தது. அவரோ மாளிகையை மீண்டும் எழுப்பினார். ஆனால் 1811இல் ஒரே மகள் மரியாம்னி இருபத்தேழாம் வயதில் மறைந்தாள். செடிகொடிகளில் ஆர்வமிக்க அவளுக்கென அமைத்த தோட்டம் பாறை மேட்டில் இருக்கிறது. அவள் நினைவாகச் செதுக்கிய சலவைக்கல் சிற்பமும் 1932இல் தேவாலயத்தில் பற்றிய தீயில் சிதைந்தது.

"மாளிகை எங்கே, மச்சான்?" என்றேன்.

புல் மூடிய கற்குவியலைக் காட்டினார். பாழடைந்து நின்றதை 1958இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டனராம். ஜோன்ஸ் நட்ட மரங்களிலும் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. இன்று நிற்பவற்றுள் பெரும்பாலானவை வனத்துறையினர் பின்னர் நட்ட ஊசியிலை மரங்கள். அவற்றினடியில் புதைந்து கிடந்த பாதைகளை 1990களிலிருந்து தேடிச் சீரமைத்திருக்கிறார்கள். நாங்கள் நடந்தது அவற்றில்தான்.

திரும்புகையில், குறுகிய சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று எதிர்ப்பட்டது. மைத்துனர் காரை ஓரங்கட்டி வழிவிட்டார்.